அட்வைஸ் பண்ணாத கவுன்சலர்

கவுன்சலிங் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடு என்றால் கட் ஆஃப், ரேங்க் லிஸ்ட், இன்ஜினீயரிங் சீட். அதை விட்டால், சொன்ன பேச்சு கேட்காதவரை உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொல்வது. குடிக்கிற மாமாவுக்கு ஒரு கவுன்சலிங் கொடுங்க, படிக்காம போனையே நோண்டுற பையனுக்கு ஒரு கவுன்சலிங் கொடுங்க என்றுதான் நம் ஊரில் கேட்பார்கள். கவனித்தீர்களா? அட்வைஸைக் கொடுப்பது போலவே கவுன்சலிங்கையும் நாம் கொடுத்துவிடுகிறோம்.

நீங்களேகூட இந்தப் படிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம். ஃப்ரெண்ட்ஸ் கேங்கில் பிரேக்கப் ஆனவர், அரியர் விழுந்தவர், அப்பாவோடு சண்டை போட்டவர் எல்லாம் ராத்திரி 12 மணிக்கு உங்களுக்குத்தான் போன் போடுகிறார்கள். நீ பேசினா மனசு லேசாகுது, நீ ஏன் கவுன்சலிங் படிக்கக் கூடாது என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். எம்.எஸ்சி கவுன்சலிங் சைக்காலஜியா, எம்.எஸ்.டபிள்யூவா என்று நீங்களும் கூகுளில் தேடியிருப்பீர்கள். எதில் சேர்ந்தாலும் ஆரம்பத்திலேயே ஒரு பெயர் வரும். கார்ல் ரோஜர்ஸ். பரீட்சைக்காக அவருடைய மூன்று கருத்துகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஆனால், அந்த மூன்றுக்கு அவர் வந்து சேர்ந்த பாதை சிலபஸில் இருக்காது. அதில் மாட்டுத்தீவனம், சீனப் பயணம், தீ வைக்கும் சிறுவன், ஒரு கோபக்கார அம்மா, நடுவில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போன கதை எல்லாம் உண்டு.

பூச்சி வளர்த்த பையன்

1902 ஜனவரி 8. அமெரிக்காவின் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் என்ற புறநகர். ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார் கார்ல். அப்பா சிவில் இன்ஜினீயர், வசதியான குடும்பம். வீட்டில் பக்தி அதிகம். சீட்டாட்டம், டான்ஸ், நாடகம், மது எதுவும் அந்த வாசல்படி ஏறக் கூடாது. சோடா குடித்தால்கூட லேசாகப் பாவம் செய்தது போல இருக்கும் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். பாசம் இல்லாத வீடு என்று சொல்ல முடியாது. ஆனால், மனதில் இருப்பதை வாய் திறந்து சொன்னால் அது சரியா, தப்பா என்று உடனே தராசில் ஏறிவிடும். அதனால் சொல்லாமலே இருந்துவிடுவது நல்லது. இந்த மாதிரி வீடு உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கலாம்.

அவருக்கு 12 வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. வளரும் பிள்ளைகள் நகரத்தின் ஆசைகளில் விழுந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். பையனுக்கு நண்பர்கள் குறைவு. கிடைத்த நேரத்தில் ராத்திரியில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்தார். கம்பளிப்புழுவுக்கு இலை போட்டு, கூட்டுப்புழுவைப் பனிக்காலம் முழுக்கப் பத்திரமாக வைத்து, அது பூச்சியாக வெளியே வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார். அப்பாவோ விவசாயத்தை விஞ்ஞானமாகச் செய்ய வேண்டும் என்பவர். அதனால் வீட்டில் கால்நடைத் தீவனம் பற்றித் தடிமனான ஒரு புத்தகம் இருந்தது. 14 வயதுப் பையன் அதை விழுந்து விழுந்து படித்தான். புதுத் தீவனம் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் மாடுகளுக்கு அதைப் போட்டு, மீதி மாடுகளுக்குப் பழையதையே போட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இது பின்னால் வேறு இடத்தில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1919-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்த படிப்பு, விவசாயம். கொஞ்ச நாளில் மதப்பணி செய்யலாம் என்று தோன்றவே வரலாற்றுக்கு மாறினார். 1922-ல் சீனாவின் பீக்கிங்கில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குத் தேர்வாகி, ஆறு மாதத்துக்கும் மேல் நீண்ட பயணம் போனார். கப்பலில் படித்தவர்களோடு ராத்திரி பகலாக விவாதம். மனதார நம்புகிற நல்ல மனிதர்கள்கூட ஒருவருக்கொருவர் முற்றிலும் வேறான விஷயங்களை நம்ப முடியும் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. மனதில் தோன்றியதையெல்லாம் ஒளிக்காமல் வீட்டுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் காலத்துத் தபால் வேகம் அவருக்குச் செய்த உதவி பெரிது. கடிதம் கடல் தாண்டிப் போய், அதிர்ந்துபோன பெற்றோரின் பதில் திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் பையன் இன்னும் நாலு எட்டு தள்ளிப் போயிருப்பான். வாட்ஸ்அப் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஃபேமிலி குரூப்பில் பஞ்சாயத்து நடந்திருக்கும்.

திரும்பி வந்ததும் குடல்புண் பெரிதாகிப் படிப்பு தடைப்பட்டது. ஓய்வில் இருந்த அந்த நாட்களில்தான் அவர் வாழ்க்கையின் முதல் சைக்காலஜி பாடத்தைப் படித்தார். அதுவும் எப்படி? தபால் வழியில்! நம் பாஷையில் சொன்னால் கரஸ்பாண்டன்ஸ். அதுவும் அவருக்குக் கொஞ்சம் போர் அடித்தது. கரஸ்ஸில்தானே படிக்கிறோம் என்று கூச்சப்படுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று போகலாம்.

1924-ல் டிகிரி. அதே ஆகஸ்டில், சிறுவயதுத் தோழி ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டார். முதலில் படிப்பை முடி, கல்யாணம் அப்புறம் என்று பெற்றோர் சொன்னதைக் கேட்கவில்லை. இருவரும் ஒரு சின்ன ஃபோர்டு காரில் நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே யூனியன் தியலாஜிக்கல் செமினரியில் இறையியல் படிப்பு. பிரின்ஸ்டனில் உள்ள செமினரியில் சேர்ந்தால் செலவெல்லாம் என்னுடையது என்றார் அப்பா. அது பழைமைவாதம் மிகுந்த இடம் என்பதால் கார்ல் வேண்டாம் என்றுவிட்டார்.

யூனியனில் மாணவர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஆசிரியர் பாடம் நடத்தாத ஒரு வகுப்பு வேண்டும், எங்கள் சந்தேகங்கள்தான் அதற்குப் பாடத்திட்டம், மதிப்பெண்ணும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டார்கள். ஆச்சரியம், நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஓர் இளம் ஆசிரியர் வகுப்பில் இருப்பார், ஆனால் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார். அந்த வகுப்பில் பேசிப் பேசியே பலர் மதப்பணியை விட்டு வெளியே வந்தார்கள். கார்ல் அவர்களில் ஒருவர். மனிதர்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசை அப்படியே இருந்தது. ஆனால், இதைத்தான் நம்புவேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வேலையைச் செய்ய அவரால் முடியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ். அங்கே போய்க் குழந்தைகள் உளவியல் படித்தார். 1928-ல் முதுகலை, 1931-ல் டாக்டர் பட்டம். இடையில் மகன் பிறந்தபோது, அன்றைய நடத்தையியல் உளவியல் சொன்னபடி புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்க்க முயன்றார் இந்த மனிதர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கதவு வரை போன அம்மா

1928-ல் கிடைத்த வேலை, நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தில். சம்பளம் வருடத்துக்கு 2,900 டாலர். யுனிவர்சிட்டி தொடர்பு கிடையாது, போனால் முன்னேற்றம் இருக்காது என்று தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். பன்னிரண்டு வருடங்கள் அங்கேயே இருந்தார். கோர்ட்டும் சமூகநல அமைப்புகளும் அனுப்பிவைக்கும் பிள்ளைகள்: திருடியவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், யாருக்கும் அடங்காதவர்கள்.

கவுன்சலிங் படிக்க நினைக்கிற நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய வருடங்கள் இவைதான். ஏனென்றால், படித்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டது இங்கேதான். சிறார் இல்லத்தில் ஒரு பையன், தீ வைக்கும் பழக்கம். கார்ல் அவனோடு நாள் நாளாகப் பேசி, அன்றைக்குப் பிரபலமாக இருந்த புத்தகத்தில் சொன்னபடியே, உள்ளுக்குள் இருந்த ஒரு பாலியல் உறுத்தல்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். பையனுக்கும் விளக்கினார். கேஸ் முடிந்தது. பையன் வெளியே போனான். மறுபடி தீ வைத்தான். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் ஆள் மாறிவிடுவார் என்ற நம்பிக்கையில் அன்றைக்கு விழுந்த ஓட்டை பிறகு மூடவே இல்லை.

அடுத்தது ஒரு அம்மா. புத்திசாலியான பெண். மகன் அடங்காப்பிடாரி. பையன் சின்னதாக இருந்தபோதே அம்மா அவனை மனதால் ஒதுக்கிவிட்டார், அதுதான் சிக்கல் என்பது கார்லுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. அதை அந்த அம்மாவே புரிந்துகொள்ள வேண்டும் என்று பொறுமையாக, பக்குவமாக, சுற்றிவளைத்தெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் அதே கதை. ஓர் அங்குலம் நகரவில்லை. கடைசியில் கார்ல் கையை விரித்துவிட்டார். நாம் இரண்டு பேரும் முயற்சி செய்தோம், சரிவரவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார். கைகுலுக்கினார்கள். அம்மா எழுந்து கதவு வரை போய்விட்டார்.

அங்கே நின்று திரும்பினார். இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சலிங் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் கார்ல். அப்படியென்றால் எனக்கு உதவி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து, சற்றுமுன் எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கொட்டத் தொடங்கினார். புருஷனோடு இருக்கும் பிரச்னை, தோற்றுப்போய்விட்டோம் என்ற எண்ணம், குழப்பம், விரக்தி. இத்தனை வாரம் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிய வறட்டு விவரங்களில் இதில் ஒரு துளிகூட இல்லை.

கார்லுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் எதுவும் செய்யாமல் கேட்டார். அதுதான் திருப்பம். அதன்பிறகு அந்த அம்மா எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கமே இவரும் பின்னால் போனார். தாம்பத்யம் சரியாகச் சரியாக, பையனின் சேட்டையும் குறைந்தது. எது வலிக்கிறது, எங்கே போக வேண்டும், எது முக்கியம் என்பது வந்திருப்பவருக்குத்தான் தெரியும் என்று கார்லுக்குப் பாடம் எடுத்தவர் கொலம்பியாவின் பேராசிரியர் இல்லை, இந்த அம்மாதான். நாமெல்லாம் ஃப்ரெண்டுக்கு ஆறுதல் சொல்லும்போது பண்ணுகிற வேலையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் மூன்றாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் பிரச்னையைக் கண்டுபிடித்து, தீர்வையும் தயாராக வைத்துக்கொண்டு, அவர்கள் மூச்சு விடும் இடைவெளிக்காகத்தானே காத்திருக்கிறோம்?

உண்மையைச் சொன்னால், இதில் அவர் தனியாள் இல்லை. அதே அலுவலகத்தில் இருந்த எலிசபெத் டேவிஸ் என்ற சமூகப் பணியாளரிடமிருந்துதான், பேசுபவரின் வார்த்தைகளுக்குள் இருக்கும் உணர்வைப் பிடித்து அதற்குப் பதில் சொல்லும் வழியைக் கற்றதாக ரோஜர்ஸ் பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஃபிராய்டிடமிருந்து பிரிந்து வந்த ஓட்டோ ரேங்க்கை 1936-ல் ரோசெஸ்டருக்கு அழைத்துப் பேசவைத்தார். சமூகப் பணி வட்டாரத்தில் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்த விஷயம்தான் இவர் கையில் சூடுபிடித்தது. எம்.எஸ்.டபிள்யூ படிப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ரெக்கார்டு தட்டில் சொந்தக் குரல்

ரோசெஸ்டர் அனுபவத்தை வைத்து 1939-ல் அவர் எழுதிய புத்தகம், 1940-ல் அவரை ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு நேராகப் பேராசிரியராகவே கொண்டுபோனது. ஆய்வுக்கூடத்தில் எலி ஓட்டுவதே பெரும்பாலும் சைக்காலஜியாக இருந்த காலம் அது. அந்த டிசம்பர் 11-ம் தேதி மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு. டெஸ்ட் வைத்து, மதிப்பெண் பார்த்து, மாணவனுக்கு இதுதான் உனக்குச் சரி என்று வழிகாட்டும் முறைக்குத் தலைநகரமே மின்னசோட்டாதான். அங்கேயே போய், அட்வைஸ் சொல்வதால் பெரிய பயனில்லை என்று பேசினார். எதிரணி மைதானத்தில் இறங்கி அடித்த அடி. பாராட்டும் வந்தது, திட்டும் வந்தது. தன் முறை பிறந்த நாள் என்று ரோஜர்ஸ் பிற்காலத்தில் குறிப்பிட்டது அந்த நாளைத்தான்.

ஆனால், என் கணக்கில் அதைவிடப் பெரிய சம்பவம் அவருடைய வகுப்பறையில் நடந்தது. அதுவரை சிகிச்சை என்பது மூடிய கதவுக்குள் நடக்கும் ரகசியம். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு, சிகிச்சையாளர் பிறகு நினைவிலிருந்து எழுதும் குறிப்புதான் சாட்சி. தனக்குச் சாதகமாக யார்தான் எழுத மாட்டார்கள்? ரோஜர்ஸும் மாணவர்களும் சந்திப்புகளை ரெக்கார்டு செய்யத் தொடங்கினார்கள். டேப் வராத காலம். கிராமபோன் போலச் சுழலும் தட்டில் ஊசி கோடு போட்டுக்கொண்டே போகும். சில நிமிடங்களில் ஒரு தட்டு தீர்ந்துவிடும், உடனே அடுத்ததை மாற்ற வேண்டும். இந்தப் பாட்டோடு ஒருவரின் எட்டுச் சந்திப்புகளையும் முழுசாகப் பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதி, 1942-ல் வெளிவந்த கவுன்சலிங் அண்ட் சைக்கோதெரபி என்ற புத்தகத்தில் அச்சிட்டார்கள். வந்தவரின் அடையாளத்தை மறைத்து ஹெர்பர்ட் பிரயன் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு சிகிச்சை அப்படியே அச்சில் வந்தது அதுதான் முதல்முறை.

அந்தத் தட்டுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது மாணவர்கள் திகைத்துப்போனார்கள். பொறுமையாகக் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால், கேள்விக்கு மேல் கேள்வி, நடுவில் குறுக்கீடு, நைசாக ஓர் அட்வைஸ். நாம் அனுப்பிய வாய்ஸ் நோட்டை நாமே கேட்கும்போது, இது நம்ம குரலா என்று ஒரு கூச்சம் வருமே, அதுபோல நூறு மடங்கு. கவுன்சலிங் படிப்பில் இன்றைக்கும் முக்கியமான பகுதி இதுதான்: சம்மதம் வாங்கிப் பதிவு செய்து, சூப்பர்வைசரின் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் பேசியதை நீங்களே கேட்பது. தியரி பேப்பரில் 90 எடுப்பவர்களும் இங்கே வியர்த்துவிடுவார்கள். அப்படி மேற்பார்வையோடு நேரடிப் பயிற்சியைப் பல்கலைக்கழக வகுப்பாகவே நடத்திய முன்னோடிகளில் ஒருவர் ரோஜர்ஸ். நீங்கள் பார்க்கும் கோர்ஸில் இது எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிராஸ்பெக்டஸின் அட்டைப் படத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள்.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. உதவி தேடி வருபவரை பேஷன்ட் என்று சொல்லாமல், கிளையன்ட் என்று எழுதினார். வந்திருப்பவர் நோயாளி இல்லை, தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பானவர் என்று அர்த்தம். கவுன்சலிங் என்ற சொல்லை முன்னே நிறுத்தியதிலும் ஒரு சங்கதி உண்டு. டாக்டருக்குப் படிக்காதவர்கள் மனநலச் சிகிச்சை செய்யக் கூடாது என்ற எதிர்ப்பு அன்றைக்குப் பலமாக இருந்தது. ரோசெஸ்டரிலேயே, சைக்யாட்ரிஸ்ட் அல்லாத ஒருவர் எப்படித் தலைமையில் இருக்கலாம் என்று கேட்டுப் பெரிய சண்டை நடந்து, அதில் அவர் ஜெயித்து வந்தவர். கவுன்சலிங் என்று சொல்லிக்கொண்டால் அந்த வாசலில் தகராறு குறைவு.

ஓடிப்போன வருடம்

1945-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை அழைத்து ஒரு கவுன்சலிங் மையம் அமைக்கச் சொன்னது. அங்கே இருந்த பன்னிரண்டு வருடங்கள்தான் அவருடைய உச்சம். 1947-ல் அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் தலைவர். மாட்டுத்தீவனப் புத்தகத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? அது இங்கே வருகிறது. கவுன்சலிங்கால் உண்மையிலேயே மாற்றம் வருகிறதா, இல்லை நாள் போகப் போகத் தானாகச் சரியாகிறதா என்று பார்க்க, சிலரை உடனே சேர்த்துக்கொண்டார்கள், சிலரை 60 நாள் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் 100 அட்டைகளைக் கொடுத்து, நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருமுறையும், எப்படி இருக்க ஆசைப்படுகிறேன் என்று ஒருமுறையும் அடுக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் இரண்டு அடுக்குக்கும் சம்பந்தமே இல்லை. கவுன்சலிங் முடிந்தபோது இரண்டும் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தன. நெருங்கித்தான் வந்தன, ஒன்றாகிவிடவில்லை.

இந்தப் புகழுக்கு நடுவில்தான் அது நடந்தது. 1940-களின் கடைசி. மனம் மிகவும் பாதிக்கப்பட்ட ஒரு பெண் அவரிடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியே ஆக வேண்டும் என்ற வேகத்தில், எங்கே அவர் முடிகிறார், எங்கே நான் தொடங்குகிறேன் என்ற எல்லை ரோஜர்ஸுக்கு அழிந்துபோனது. அந்தப் பெண்ணின் கோபமும் தேவையும் கூடக்கூட, இவர் உள்ளுக்குள் நொறுங்கினார். ஆனாலும் விடவில்லை, விட்டால் தோல்வி என்று நினைத்தார். ஒரு கட்டத்தில் தனக்கே மனம் பிசகிவிடும் என்று பயம் வந்தது. பொறுப்பை அவசரமாக ஒரு மனநல மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இன்றைக்கே இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஹெலனிடம் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் கார் கிளம்பிவிட்டது. இரண்டு, மூன்று மாதம் திரும்பவே இல்லை.

நாடே கொண்டாடும் கவுன்சலர், சங்கத் தலைவராக இருந்தவர், நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை, எனக்கென்று ஒரு குணமும் இல்லை என்று நம்பிக்கொண்டு ஊர் ஊராகக் காரில் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்த பிறகு யாரிடம் போவது? தன்னிடம் படித்தவர்கள், தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்தான் சுற்றி இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தானே முன்வந்து, நான் உங்களுக்கு உதவட்டுமா என்று கேட்டார். ரோஜர்ஸ் ஏற்றுக்கொண்டார். தான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே, தன் ஊழியரின் எதிரில் கிளையன்ட்டாக உட்கார்ந்தார். தன்னை யாராவது உண்மையிலேயே நேசிக்க முடியும் என்பதை அந்த நாற்காலியில்தான் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். சின்ன வயது வீடும் அந்தத் தராசும் அவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கின்றன.

ராத்திரி 12 மணிக்கு எல்லோருடைய போனையும் எடுக்கிற உங்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். நல்ல கவுன்சலிங் படிப்புகளில் மாணவரும் கவுன்சலிங்குக்குப் போக வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது.

அந்த மூன்று

1957-ல்தான் அந்தக் கட்டுரை வந்தது. ஒருவர் மாறுவதற்கு என்னென்ன இருந்தால் போதும் என்று ரோஜர்ஸ் பட்டியல் போட்டார். அதில் கவுன்சலர் பக்கம் இருக்க வேண்டியவை மூன்று. ஒன்று, உள்ளொன்று புறமொன்று இல்லாமல் இருப்பது. இரண்டாவது, நீ இப்படி நடந்தால்தான் மதிப்பேன் என்ற கண்டிஷன் இல்லாமல் எதிரில் இருப்பவரை ஏற்பது. மூன்றாவது, அவர் கண்ணால் அவர் உலகத்தைப் பார்ப்பது, அதேசமயம் இது என் உலகம் இல்லை என்பதை மறக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்ன அந்த அதேசமயம் என்ற பாதி பரீட்சை பேப்பர்களில் அடிக்கடி விட்டுப்போகும். அவர் காரை எடுத்துக்கொண்டு ஓடிய வருடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் அதை விட மாட்டீர்கள்.

அதே 1957-ல், ஊழியர்களிடம் கேட்பதை விளக்கும் சிறு கையேடு ஒன்றை ரிச்சர்ட் ஃபார்சனோடு சேர்ந்து எழுதினார். இன்றைக்கு ஆபீஸ் டிரெயினிங்கில் ஹெச்.ஆர் ஸ்லைடு போட்டுக் காட்டும் ஆக்டிவ் லிஸனிங், அந்தக் கையேட்டின் தலைப்பு. ஆனால், அது பரவப் பரவ நீர்த்துப்போனது. எதிரில் இருப்பவர் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வதுதான் ரோஜர்ஸ் முறை என்று கேலி ஜோக்குகள் கிளம்பின. அவருக்கு அதில் உண்மையான வருத்தம். நான் திருப்பிச் சொல்லவில்லை, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று அவரிடமே சரிபார்க்கிறேன் என்று கடைசிவரை விளக்க வேண்டியிருந்தது.

நேரில் பார்க்க ஆசையா? 1960-களில், ஒரே பெண்ணை மூன்று பிரபலச் சிகிச்சையாளர்கள் தனித்தனியாகச் சந்திக்கும் கல்விப்படம் ஒன்று எடுத்தார்கள். மற்ற இருவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். அந்தப் பெண்ணின் பெயரால் குளோரியா படம் என்றே இன்றும் வகுப்புகளில் ஓடுகிறது. விவாகரத்தான இளம் அம்மா அவர். தன் வாழ்க்கையில் வேறு ஆண்கள் உண்டா என்று மகள் கேட்டபோது பொய் சொல்லிவிட்டார். அது உறுத்துகிறது. உண்மையைச் சொல்லலாமா, வேண்டாமா என்று நேரடியாகப் பதில் கேட்கிறார். அரை மணி நேரமும் கேட்கிறார். ரோஜர்ஸ் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. ஆனால் நழுவவும் இல்லை. என்னால் அந்த முடிவை உங்களுக்குப் பதிலாக எடுக்க முடியாது, நீங்கள் அதற்குத் தவிப்பது தெரிகிறது என்று அப்படியே கூட உட்கார்ந்திருக்கிறார். பார்க்கும் நமக்குத்தான், சொல்லித்தொலையுங்களேன் சார் என்று கை பரபரக்கும். குளோரியா அதன்பிறகு பல வருடங்கள் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். படத்தில் சில இடங்களில் ரோஜர்ஸ் ரொம்பவே மெதுவாகப் போகிறார் என்று எனக்கும் தோன்றியது, அதையும் மறைக்கவில்லை.

தோல்விகள் அதன்பிறகும் உண்டு. 1957-ல் விஸ்கான்சினுக்கே திரும்பி, மனச்சிதைவு நோயாளிகளிடம் தன் முறை பலிக்கிறதா என்று மருத்துவமனையில் பெரிய ஆய்வு நடத்தினார். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இல்லை. போதாக்குறைக்கு ஆய்வுத் தகவல்கள் காணாமல்போய், குழுவுக்குள் சண்டை வேறு. அந்தப் பல்கலைக்கழக உளவியல் துறை, ஆராய்ச்சி மாணவர்களைப் பரீட்சை மேல் பரீட்சை வைத்து வடிகட்டி வெளியே அனுப்புவதைப் பார்த்துக் கொதித்துப்போய், 1963-ல் அந்தத் துறையிலிருந்து ராஜினாமா செய்தார். மனிதர்களுக்கு உதவ வரும் பிள்ளைகளையே பயமுறுத்திப் படிக்கவைத்தால், அவர்கள் வெளியே போய் யாரை எப்படி நடத்துவார்கள் என்பது அவர் கேள்வி. பிறகு கலிபோர்னியாவின் லா ஹோயாவுக்குப் போய்விட்டார், எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் திரும்பவில்லை.

அங்கே அவர் கவனம் குழுக்களின் பக்கம் போனது. முன்பின் தெரியாத மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டம் ஒன்றைப் படமாக்கிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர்கூடக் கிடைத்தது. 70 வயதில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டன்ட்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். 80 வயதில், நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த தென்னாப்பிரிக்காவில் கறுப்பரையும் வெள்ளையரையும் எதிரெதிரே பேசவைத்தார். 1986-ல் சோவியத் யூனியன் வரை போனார். இதற்கிடையில் 1979-ல், நீண்ட நாள் நோயில் இருந்த ஹெலன் இறந்தார். அந்தக் கடைசி வருடங்களில் மனைவியின் நோயும் தன் வேலையும் இரு பக்கமும் இழுத்ததையும், வீட்டுக்குள் இருந்த உரசலையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1987-ல் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு இதயம் ஒத்துழைக்கவில்லை. பிப்ரவரி 4-ம் தேதி காலமானார், வயது 85. அமைதிக்கான நோபல் பரிசுக்கு அந்த வருடம் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசைக் கொடுப்பதில்லை என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.